முகாமைக் கைவிட்ட சாரணர் திட்டம்: 1972 அமெரிக்கச் சீர்திருத்தம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1972க்குப் பிறகு சில ஆண்டுகள், அமெரிக்காவில் ஒரு சிறுவன் கூடாரத்தில் ஓர் இரவுகூடத் தங்காமல், நெருப்பு மூட்டி ஒரு வேளைகூடச் சமைக்காமல், சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த நிலையான ஈகிள் ஸ்கவுட் ஆகிவிட முடிந்தது. இது யாரோ கவனக்குறைவாகச் செய்த பிழை இல்லை. பல ஆண்டுகள் யோசித்து, கருத்துக் கேட்டு, பணம் செலவழித்து, ‘மேம்படுத்தப்பட்ட சாரணர் திட்டம்’ என்றே பெயர் சூட்டிக் கொண்டுவந்த மாற்றம். ஏழே ஆண்டுகளில் அதன் முக்கியமான பகுதிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இளைஞர் அமைப்பு எதுவாக இருந்தாலும், திட்டத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று அவ்வப்போது உறுப்பினர்களிடம் யோசனை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதில் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை இந்த அமெரிக்க நிகழ்வு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்து எழுதிய யோசனையே அதே அமைப்பை ஒரு காலத்தில் நிமிர்த்தி வைத்தது என்பதும் இதே கதைக்குள் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லிஃப்டில் கேட்ட கேள்வி

சாரணர் இயக்கத்தின் அடிப்படை அலகு அணி. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழு, அவர்களில் ஒருவனே தலைவன், முகாமில் அவர்கள் வேலையை அவர்களே செய்வது என்பதுதான் ஏற்பாடு. பெரியவர் ஓரமாக நின்று பார்த்துக்கொள்வார்.

1910இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பில் இந்த அணிமுறை பேச்சில் இருந்த அளவுக்கு நடைமுறையில் வேரூன்றவில்லை. ஒரு சாரண ஆசிரியர், எதிரே முப்பது பையன்கள், அவர் கட்டளையிட இவர்கள் செய்வது என்று பல படைகள் (சில அணிகள் சேர்ந்தது ஒரு படை) ஓடிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

1926இல் டென்மார்க்கிலிருந்து வில்லியம் ஹில்கோர்ட் என்ற இளைஞர் அமெரிக்கா வந்தார். 1900இல் ஆர்ஹூஸ் நகரில் பிறந்தவர். 1920இல் லண்டன் ஒலிம்பியாவில் நடந்த முதல் உலக ஜம்போரிக்கு, அதாவது பல நாட்டுச் சாரணர்கள் கூடும் பெருமுகாமுக்கு, போனவர். சாரணராக வளர்ந்து, பிறகு சாரண ஆசிரியராகவும் இருந்தவர். அமெரிக்கச் சாரணர் அமைப்பின் பொருள் வழங்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு மரப்பெட்டி விழுந்து கால் உடைந்தது. ஊன்றுகோலோடு நியூயார்க் தலைமை அலுவலக லிஃப்டில் நின்றிருந்தபோது, அமைப்பின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் வெஸ்ட் உள்ளே வந்தார். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

அந்த இடத்தில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தங்கள் தளத்தில் இறங்கிவிடுவார்கள். ஹில்கோர்ட் போய் உட்கார்ந்து 18 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதன் சாரம் ஒன்றுதான்: இங்கே அணிமுறை சரியாக இல்லை, அணித் தலைவனாக இருக்கும் சிறுவனுக்கு வழிகாட்ட ஒரு புத்தகமும் இல்லை, சாரணராகவும் சாரண ஆசிரியராகவும் இருந்து பழகிய ஒருவர் அதை எழுத வேண்டும். வெஸ்ட் அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்தார். அணித் தலைவர்களுக்கான கையேடு 1929இல் வெளிவந்தது.

இந்த யோசனையில் எனக்குப் பிடித்தது அதன் அளவு. இலட்சியம், சட்டம், உறுதிமொழி எதையும் அது மாற்றச் சொல்லவில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும் ஒரு முறை ஏன் களத்தில் நடக்கவில்லை, யார் கையில் எது இல்லாததால் நடக்கவில்லை என்று பார்த்துச் சொன்னது. குறையைச் சொன்னவரே அதைச் சரிசெய்யும் வழியையும் சொன்னார். கேட்ட நிர்வாகியும் ‘உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்’ என்று ஓரங்கட்டிவிடவில்லை.

அப்புறம் ஹில்கோர்ட் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிடவுமில்லை. 1935இல் நியூஜெர்ஸியின் மெண்டமில் ஒரு படையைத் தொடங்கி 16 ஆண்டுகள் நடத்தினார். அது தேசியத் தலைமையிடமே நேரடியாகப் பதிவுசெய்த படை. நாடு முழுவதற்குமாக எழுதும் எதையும் முதலில் அந்தப் பையன்களோடு செய்து பார்க்க அவருக்கு அது வசதியாக இருந்தது. சிறுவர்களுக்கான பத்திரிகையில் ‘கிரீன் பார் பில்’ என்ற பெயரில் எழுதினார். அணித் தலைவன் சட்டைக் கையில் அணியும் பச்சைக் கோடுகளிலிருந்து வந்த பெயர் அது. 1959இல் வெளியான சாரணர் கையேட்டின் ஆறாம் பதிப்பும் அவர் எழுதியதே. 1965இல் ஓய்வு பெற்றார்.

1960களின் நெருக்கடி

அவர் ஓய்வு பெற்ற காலம் அமெரிக்காவுக்கே கொந்தளிப்பான காலம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்கள் நகரங்களை உலுக்கின. சீருடை, அணிவகுப்பு, கொடி வணக்கம் என்றாலே இளைஞர்கள் முகம் திருப்பினார்கள். சாரணர் அமைப்போ பெரும்பாலும் புறநகர் வெள்ளையர் நடுத்தரக் குடும்பங்களின் அமைப்பாக இருந்தது. பெரிய நகரங்களின் ஏழைச் சிறுவர்களை அது எட்டவில்லை.

தலைமைக்கு இது உறுத்தியது. நியாயமான உறுத்தல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான சிறுவர்களை வெளியே விட்டுவிட்டு நாட்டுக்கே உரிய இயக்கம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனவே வெளி ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு, சாரணர் இயக்கம் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று கருத்தாய்வு நடத்தினார்கள். அதோடு ‘பாய்பவர் 76’ என்று ஒரு பெரிய இயக்கத்தையும் அறிவித்தார்கள். நாடு சுதந்திரம் பெற்ற 200ஆம் ஆண்டான 1976க்குள், தகுதியுள்ள அமெரிக்கச் சிறுவர்களில் மூன்றில் ஒருவரைச் சேர்த்துவிட வேண்டும், 6.5 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்பது இலக்கு.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. சேராத ஒரு சிறுவனிடம் கேட்டால், தன்னைத் தடுப்பது எது என்று அவன் சரியாகச் சொல்வான். சீருடைக்குக் காசு இல்லை, கூட்டம் நடக்கும் இடம் தொலைவு, எங்கள் தெருவில் யாரும் படை நடத்துவதில்லை, முகாமுக்குப் போக வண்டி இல்லை என்பான். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று அவனால் சொல்ல முடியாது. அதை அவன் அனுபவித்ததே இல்லை. உள்ளே இருக்கும் சிறுவனைக் கேட்டால் நேர்மாறு: தான் எதற்காக வாராவாரம் வருகிறோம் என்று அவனுக்குத் தெரியும். இரண்டும் தேவையான பதில்கள். ஆனால் முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாம் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

நகரத்துச் சிறுவனுக்குக் காடு தொலைவில் இருக்கிறது. அவனைக் காட்டுக்கு அழைத்துப்போக ஒரு பேருந்து, இரவல் கூடாரங்கள், கூடவே வர இரண்டு பெரியவர்கள் என்று ஏற்பாடு செய்வது ஒரு வழி. செலவும் உழைப்பும் பிடிக்கும். காடே தேவையில்லை, நகரத்துக்குள்ளேயே நடக்கலாம் என்று விதியை மாற்றுவது இன்னொரு வழி. அது ஓர் அச்சகத்தில் முடிந்துவிடும். தலைமை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஏழைச் சிறுவனை மதிப்பதாக நினைத்து, மற்றவனுக்குக் கிடைத்த மிக நல்ல பொருளை அவனுக்குக் கொடுக்காமலேயே விட்டதாகத்தான் அது முடிந்தது.

1972இல் மாறியவை

கையேட்டின் எட்டாம் பதிப்பு வந்தது. அட்டையில் ‘பாய் ஸ்கவுட்’ போய் ‘ஸ்கவுட்’ மட்டும் நின்றது. விரும்பினால் சிவப்பு பெரே தொப்பி அணியலாம் என்றார்கள். இவையெல்லாம் வெளித்தோற்றம், இவற்றால் ஓர் இயக்கம் கெட்டுவிடாது.

உண்மையான மாற்றம் படிநிலைகளில் வந்தது. அதுவரை தொடக்க நிலையிலிருந்து ‘முதல் வகுப்பு’ என்ற சாரணர் நிலை வரை போகும் சிறுவன் முடிச்சு, முதலுதவி, நடை, சமையல், திசையறிதல் என்று எல்லாவற்றிலும் கைவைத்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு திறன் விருதுகள் வந்தன. ஒவ்வொன்றும் இடுப்புப் பட்டையில் கோத்துக்கொள்ளும் ஓர் உலோக வளையம். முகாம், சமையல், நடைப்பயணம், நீச்சல், முதலுதவி, குடியுரிமை, தகவல் தொடர்பு, சமூக வாழ்வு, குடும்ப வாழ்வு, இயற்கை வளப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், உடல் தகுதி என்பவை அந்தப் பன்னிரண்டு. இதில் போதுமான எண்ணிக்கையை எடுத்தால் சரி. முகாமும் சமையலும் நடையும் நீச்சலும் பன்னிரண்டில் நான்காகச் சுருங்கின. அந்த நான்கையும் தவிர்த்துவிட்டே ஒருவனால் மேலே போக முடிந்தது.

ஈகிள் நிலையிலும் இதே கதை. தேவையான தகுதிச் சின்னங்களின் (ஒரு துறையில் தேர்ச்சி பெற்றால் தரும் சின்னங்கள்) மொத்த எண்ணிக்கை 21இலிருந்து 24 ஆக உயர்ந்தது. பார்த்தால் கடினமாக்கியது போலத்தான் இருக்கும். ஆனால் கட்டாயப் பட்டியலிலிருந்து முகாமும் சமையலும் வெளியே போயின. நீச்சல், உடல் தகுதி, விளையாட்டு மூன்றில் ஒன்று என்று ஆனது. எண்ணிக்கை கூடியது, உள்ளிருந்த சத்து இறங்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அப்படி.

நம் பள்ளிகளில் திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் போன்ற சாரணர் நிலைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சாரண ஆசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சான்றிதழுக்குத் தேவையானதை மட்டும் கணக்குப் பார்த்து முடிப்பது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வழியை அமெரிக்கத் தலைமை திட்டத்துக்குள்ளேயே அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது.

நல்ல யோசனை தவறான இடத்தில்

1972 திட்டத்தில் களத்திலிருந்து வந்த யோசனையே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த பேலா பானாதி, கலிஃபோர்னியாவின் மான்டரேயில் இராணுவ மொழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1933இல் ஹங்கேரியின் கோடொல்லோவில் நடந்த உலக ஜம்போரியில் சிறுவனாகக் கலந்துகொண்டவர். அந்த ஜம்போரியின் சின்னம் வெள்ளை மான். அதே பெயரில் 1958இல் மான்டரேயில் சிறுவர்களுக்கான தலைமைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தலைமை என்பது பிறவிக் குணமோ பதவியோ அல்ல. நீச்சலைப் போல அதையும் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறுவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது அவர் கருத்து.

ஹில்கோர்ட்டைப் போலவே இவரும் வேறு நாட்டில் சாரணராக வளர்ந்தவர், களத்தில் சோதித்துப் பார்த்தவர். யோசனையும் தரமானது. முகாமில், அணியோடு சேர்ந்து கற்கும் ஒன்றாகவே அது மான்டரேயில் இருந்தது. தேசியத் தலைமை அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு, சாரண ஆசிரியர்களுக்கான உட் பேட்ஜ் பயிற்சியின் மையத்தில் வைத்தது. அதுவரை அந்தப் பயிற்சி காட்டுத் திறன்களையும் அணிமுறையையும் சுற்றி இருந்தது. 1972இலிருந்து தலைமைத் திறன்களைச் சுற்றி அமைந்தது. ஹில்கோர்ட் இதை எதிர்த்தார்.

நான் இந்த விவாதத்தில் இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஹில்கோர்ட் சொன்னது சரி: அடுப்பு மூட்டத் தெரியாத ஆசிரியரிடம் தலைமைத் திறன் பற்றிய வரைபடங்கள் மட்டும் இருந்து பயனில்லை. பானாதி சொன்னதும் சரி: முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கெல்லாம் ஆறு பையன்களை வழிநடத்தத் தெரிந்துவிடாது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்திருந்தால் இரண்டுமே பலமாகியிருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றதை வைத்ததுதான் தப்பு. உறுப்பினர் தரும் யோசனையை அது வளர்ந்த மண்ணிலிருந்து பிடுங்கி மேலிருந்து நாடு முழுவதும் நடும்போது இது அடிக்கடி நடக்கிறது.

வெளியேறியவர்கள் சொன்ன பதில்

அமைப்பின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை, பெரியவர்களையும் சேர்த்து, 1972இல் சுமார் 65 லட்சம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சுமார் 43 லட்சம். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மூன்றில் ஒரு சிறுவனைச் சேர்க்கப் புறப்பட்ட இயக்கம் அது.

இந்தச் சரிவு முழுவதையும் ஒரு கையேட்டின் தலையில் கட்ட முடியாது. போருக்குப் பிந்தைய பிறப்பு அலையில் பிறந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அந்த வயதுச் சிறுவர்களே குறைந்தார்கள். சீருடை அமைப்புகள் மீதான ஒவ்வாமை வேறு. திட்டத்தை மாற்றாமல் இருந்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய நேரத்தில், அவர்களைப் பிடித்து வைத்திருந்த பொருளையே தளர்த்தினார்கள்.

எண்ணிக்கை இலக்கு இன்னொரு கெடுதலையும் செய்தது. 1974இல் சிக்காகோவில், இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள் இல்லாத சிறுவர்களின் பெயர்களை உறுப்பினர்களாகப் பதிவு செய்திருந்தது ‘சிக்காகோ டிரிப்யூன்’ செய்தியால் வெளியே வந்தது. ஏழைப் பகுதிச் சிறுவர்களுக்காகத்தான் இத்தனை மாற்றமும் என்று தொடங்கியது, அந்தச் சிறுவர்களின் பெயரில் காகிதப் படைகளை உருவாக்குவதில் வந்து நின்றது. இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். அந்தப் பகுதிகளில் உண்மையாகவே ஒரு படை வேண்டும் என்று காத்திருந்த பையன்களும் இருந்திருப்பார்கள்.

இடையில் பல படைகள் புதிய திட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பழையபடியே முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தன. பழைய கையேட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தாளில் எழுதித் தராத யோசனை அது. கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட யோசனைக்குக் கட்டம் இருப்பதில்லை.

பழுதுபார்ப்பு

1970களின் பிற்பகுதியில் தலைமை திரும்பிப் பார்த்தது. ஓய்விலிருந்த ஹில்கோர்ட் மீண்டும் வந்து கையேட்டின் ஒன்பதாம் பதிப்பை எழுதினார். 1979 பிப்ரவரியில் அது வெளியானபோது அவருக்கு வயது 78. அட்டையில் ‘பாய் ஸ்கவுட்’ திரும்பியது. உள்ளே கூடாரமும் நெருப்பும் நடையும் மீண்டும் முன்னுக்கு வந்தன. ஈகிளுக்கான சின்னங்கள் மறுபடி 21 ஆயின, முகாம் கட்டாயமாயிற்று.

எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த உலோக வளையங்கள் 1980களின் இறுதிவரை இருந்தன. 1972இல் வந்த சுற்றுச்சூழல் அறிவியல் சின்னம் நல்ல சேர்க்கை, நிலைத்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் சாரண ஆசிரியர் அந்தச் சிறுவனோடு தனியாக உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று பேசும் வழக்கத்துக்கு 1972 திட்டம் தந்த அழுத்தம் என் பார்வையில் மிகப் பெரிய நன்மை. பல சிறுவர்களுக்கு ஒரு பெரியவர் தன்னிடம் மட்டும் கால் மணி நேரம் கவனமாகப் பேசுவது அங்கேதான் நடக்கும்.

பிரிட்டனிலும் இதே காலத்தில் பெரிய மாற்றம் நடந்தது. தலைமைச் சாரணர் சார்லஸ் மக்லீன் 1964இல் அமைத்த குழு 1966இல் அறிக்கை தந்தது. பெயரிலிருந்து ‘பாய்’ போனது, அரைக்கால் சட்டை முழுக்கால் சட்டையானது, மூத்த இளைஞர்களுக்கான திரிசாரணர் பிரிவு நீக்கப்பட்டது, சாரணர் சட்டம் பத்து விதிகளிலிருந்து ஏழாகச் சுருங்கியது. மனம் ஒப்பாத ஒரு பகுதியினர் 1970இல் பிரிந்துபோய்த் தனி அமைப்பு கண்டார்கள். ஆனால் முகாம் அங்கே திட்டத்தின் நடுவில்தான் இருந்தது. உடையும் பெயரும் மாறியதற்குக் கோபம் வந்தது, பிளவும் வந்தது. திட்டத்தையே அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டிய நிலை வரவில்லை.

யோசனை கேட்பவர்களுக்கு

இந்த நிகழ்வை வைத்து, உறுப்பினர்களிடம் யோசனை கேட்கப் போகும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இது. முதலில் அணித் தலைவர்கள் கூடும் மன்றத்தில் கேளுங்கள். சாரணர் முறையில் யோசனை கேட்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: அணி தனக்குள் பேசும், தலைவன் அதை மன்றத்துக்குக் கொண்டுவருவான், அடுத்த மாதத் திட்டம் அங்கே முடிவாகும். போன முகாமில் சோறு குழைந்துபோனதா, அரிசியும் பாத்திரமும் யார் பொறுப்பு என்பதுகூட அங்கே பேசப்பட வேண்டிய விஷயம்தான். அந்த மன்றம் மாதாமாதம் உண்மையாகக் கூடினால் தனியாக ஒரு படிவமே பெரும்பாலும் தேவைப்படாது. கூடவில்லை என்றால், முதலில் சரிசெய்ய வேண்டிய குறை அதுதான்.

பெரியவர்களைக் கேட்கும்போது பயிற்சித் தேதி, கட்டணம், காகித வேலை, சீருடை விலை என்று வரும். அவற்றை அலட்சியமாக நினைக்கக் கூடாது. ஒரு சாரண ஆசிரியர் ஓய்ந்துபோவது பெரும்பாலும் இவற்றால்தான். விட்டுப் போன சிறுவனைக் கேளுங்கள், அதுவும் போன சூட்டோடு. சேராதவனைக் கேளுங்கள், ஆனால் அவனிடம் தடைகளை மட்டும் கேளுங்கள். அந்தத் தடையை நீக்கப் பணத்தையும் ஆட்களையும் செலவிடுங்கள். எந்த யோசனை வந்தாலும் ஹில்கோர்ட் செய்ததுபோல ஒரு படையில் சில ஆண்டுகள் நடத்திப் பாருங்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் அமலாக்கும் அவசரம் எந்தச் சிறுவனுக்கும் இருப்பதில்லை.

எடுப்பதற்கு முன் இன்னொரு தடவை யோசிக்க ஒரு காரணமும் சொல்லிவிடுகிறேன். முகாம் ஈகிளின் கட்டாயப் பட்டியலுக்கு ஏழு ஆண்டுகளில் திரும்பிவிட்டது. கூடவே வெளியேற்றப்பட்ட சமையல் திரும்பிவர 42 ஆண்டுகள் ஆயின. 2014 ஜனவரியிலிருந்துதான் அது மறுபடி கட்டாயம். இடையில் ஈகிள் ஆன இரண்டு தலைமுறைச் சிறுவர்களுக்கு அந்தச் சின்னம் விருப்பம் இருந்தால் எடுக்கும் ஒன்றாக மட்டுமே இருந்தது.